ஏழாம் நம்பர் மலையில் ஒரு மோதிரம்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். அதுவும், கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருக்கக்கூடிய ஒரு பொருளை.

வயது ஐம்பத்து மூன்று. பாடசாலை அதிபர் என்று ஒரு பெயர் வேறு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, உரச்சாக்கு ஒன்றை முக்காடு போட்டுக்கொண்டு, எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் முழங்காலில் நகர்ந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. எங்கள் ஓப்பநாயக்கப் பக்கத்து மழைக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து பெய்வதைவிடக் கீழிருந்து நனைப்பது அதிகம்.

அந்த மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பிடுங்கிய கட்டைகள் பாதையோரம் குவிந்து கிடந்தன. வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை. மேலே இடுப்பளவுதான் வளர விட்டிருந்தாலும் அடிக்கட்டை ஒவ்வொன்றும் ஆள் தொடை மொத்தம். நான் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சின்ன ஆட்டைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்து எழும்பிய நேரத்தில், பின்னால் குரல் கேட்டது.

"யாரது?"

திரும்பினேன். முக்காடு நழுவியது. தோட்டத்துக் காவல் பார்க்கும் வாச்சர் ராமையா நின்றுகொண்டிருந்தார்.

"மாஸ்டரா? என்னாங்க மாஸ்டர், வீட்டுல கேஸ் முடிஞ்சிருச்சா?"

"ஆமா" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் என்னை வீட்டுக்கு அல்ல, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போயிருப்பார்.

ராமையா என் கையிலிருந்த கட்டையை வாங்கித் தோளில் வைத்தார். அதற்குத் துணையாக இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டார். என் வீட்டு வாசல் வரைக்கும் சுமந்து வந்து, என் மனைவியிடம் ஒப்படைத்தார்.

"மாஸ்டர இந்த மழையில அனுப்பாதீங்க அம்மா. ஒரு வார்த்த சொன்னா நான் கொண்டாந்து போட மாட்டேனா?"

சரோஜா என்னைப் பார்த்தாள். அடுப்படியில் முந்தாநாள் வாங்கி வைத்த புது கேஸ் சிலிண்டரைப் பார்த்தாள். "சரி ராமையாண்ணே, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் காரணம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை

கட்டையை ஏன் திருடினேன் என்று சொல்ல வேண்டுமானால், குளவியில் தொடங்க வேண்டும்.

சரோஜா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பகல் பொழுது. மேலே சவுக்கு மரத்தில் இருந்த குளவிக் கூட்டை ஏதோ பருந்து கலைத்துவிட்டது. மலையில் நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓட, குளவிகள் கீழே இறங்கின.

உள்ளே பதினோரு குழந்தைகள். சரோஜா எல்லாரையும் மூலையில் போட்டுக் கம்பளியால் மூடிவிட்டு, ஜன்னல்களைச் சாத்தினாள். கடைசி ஜன்னலின் கதவு வெளிப்பக்கமாகத் திறந்து கிடந்தது. அதை இழுக்க இடது கையை வெளியே நீட்டினாள்.

ஜன்னல் சாத்தப்பட்டது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கைக்குத்தான் ஆனது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மோதிர விரல் கதலிப்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. எங்கள் கல்யாண மோதிரம் அதற்குள்ளே எங்கேயோ புதைந்து கிடந்தது. நர்ஸ் நோனா ஒருவர் சின்னச் சக்கரம் வைத்த கருவியால் அதை அறுத்தார். அறுபடும் சத்தம், பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடும் சத்தத்துக்கு அக்கா முறை. சரோஜா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மயங்கி விழுந்தேன் என்று பிறகு சொன்னார்கள். நான் அதை மறுக்கிறேன். உட்கார்ந்தேன், அவ்வளவுதான். தரையில்.

வீக்கம் வடிந்தது. விரல் மட்டும் பழைய விரலாக வரவில்லை. கணு மொத்தமாகி, அடியில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. மோதிரத்தை ஒட்டிக்கொள்ளலாமே என்றேன். "ஒட்டுப்போட்ட மோதிரம் வேணாங்க" என்றாள். புதிது வாங்குவோம் என்று கடைக்குக் கூட்டிப்போனேன். ஒன்றைப் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் நெற்றி வேர்த்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டு, "இறுக்குதுங்க" என்றாள். அது அவள் விரலில் தொளதொளவென்றுதான் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் விசேஷ வீடுகளில் மோதிரமில்லாத இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினாள்.

வாய் முந்தியது

இப்படியிருக்க, அவளுடைய அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தார். பெண்ணின் பெயர் வசந்தி. சரோஜாவின் பிள்ளைக் காம்பராவில் அவள் மடியிலேயே வளர்ந்தவள்.

"மாப்பிள்ள பொண்ணுக்கு ஆராத்தி நீதான் எடுக்கணும் தங்கச்சி."

"வேற யாராச்சும் எடுக்கட்டும்ணே" என்றாள் சரோஜா. கை முந்தானைக்குள் போனது.

ஆராத்தித் தட்டை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். எல்லார் கண்ணும், வீடியோக்காரன் கண்ணும், அந்தத் தட்டின்மேல்தான் இருக்கும். அண்ணன் முகம் விழுந்துபோனது. "வசந்தி ஒன்னயத்தான் சொல்லிச்சு" என்று தேநீரைப் பார்த்துச் சொன்னார். யாரும் பேசவில்லை.

இந்த மாதிரி மௌனங்கள் எனக்கு ஆகாது. பாடசாலைக் கூட்டங்களில் பழகிய பழக்கம். யாரும் பேசாவிட்டால் நான் பேசிவிடுவேன்.

"சரோஜா எடுப்பாள் மச்சான். அன்றைக்கு அவள் விரலில் மோதிரம் இருக்கும். இரும்பு, தங்கம் எதுவும் இல்லை. மரத்தில். நானே செய்து போடுகிறேன்."

அதற்கு முந்தைய நாள் கைபேசியில், எங்கேயோ குளிர்தேசத்து மனிதர் ஒருவர் மர மோதிரம் செய்யும் காட்சியை ஏழு நிமிஷம் பார்த்திருந்தேன். என் கைவேலைப் படிப்பு முழுவதும் அதுதான்.

இல்லை, முன் அனுபவம் ஒன்று இருக்கிறது. எங்கள் காலத்துப் பையன்களுக்குத் தெரியும். தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷின் கைப்பிடியை வெந்நீரில் போட்டு, இளகியதும் வளைத்தால் மோதிரம். எட்டாம் வகுப்பில் அப்படி ஒன்று, பச்சை நிறத்தில், செய்து ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன். அவள் அதை மறுநாள் சாப்பாட்டுப் பையின் வாயைக் கட்டப் பயன்படுத்தினாள். நன்றாகத்தான் பிடித்தது. பற்பசை வாசம் மட்டும் அந்த வருஷம் முழுக்க அவளுடைய ரொட்டியில் இருந்ததாகச் சொன்னார்கள்.

கல் ஊரில் கட்டை தேடியவன்

எந்த மரம் என்பதுதான் கேள்வி. புத்தகம் படிக்கிறவனுக்கு இதில் ஒரு ஆபத்து உண்டு. சாதாரண மரம் எதுவும் அவனுக்குப் பிடிக்காது.

முதலில் ஆசைப்பட்டது கலுமெதிரிய. கருப்பில் தேன் கோடு ஓடும் மரம். பழைய பிரபுக்களின் வளவு வீடுகளில், அலுமாரிகளில் கண்டதுண்டு. இப்போது காட்டில் நிற்கும் ஒன்றிரண்டையும் வெட்டக்கூடாது. பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய், கூடப் படித்த நிஸாமைப் பிடித்தேன். மாணிக்கக்கல் வியாபாரம். கண்ணில் வில்லையோடு பிறந்தவன் போல இருப்பான்.

"இரத்தினபுரிக்கு வந்து மரத்துல மோதிரம் கேக்குறியே மச்சான்" என்றான். "மீன் கடையில வந்து கீரை கேக்குற மாதிரி இருக்கு. ஒரு கல்லு வச்சுக் குடுக்கட்டுமா? நீலம் இருக்கு, பாக்குறியா?"

"கல் வேண்டாம். மரம்."

"எதுக்கும் உங்க வீட்டுல ஒரு வார்த்த கேட்டியா?"

"இது அவளுக்குத் தெரியாமல் செய்வது" என்றேன், பெருமையாக.

அவன் என்னைக் கல்லைப் பார்ப்பது போல ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு யாரோ ஒரு பழைய தளபாடக்காரரிடம் சொல்லி, உடைந்த மேசைக்கால் ஒன்றை வாங்கித் தந்தான். அசல் கலுமெதிரிய என்றார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெல்மதுளை தாண்டும்போது பக்கத்து இருக்கைப் பெரியவர், "காலுக்கு என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் விசாரித்தார். மேசைக்குத்தான் என்று விளக்க வேண்டியதாயிற்று.

பியதாச பாஸ்

எங்கள் சந்தியில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர் பியதாச; தச்சர் என்பதால் எல்லாருக்கும் பியதாச பாஸ். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார்.

மேசைக்காலைச் சீவுளியால் ஒரு இழுப்பு இழுத்தார். கருப்பு உரிந்தது. உள்ளே வெளிறிய றப்பர் மரம்.

"இது சப்பாத்துக்குப் பூசுற பாலிஷ், மாஸ்டர்" என்றார், மோந்து பார்த்துவிட்டு. "நல்ல பாலிஷ்."

அடுத்து கித்துள் பனை. கருப்பும் வெள்ளையுமாக அழகான வரி. ஆனால் மெல்லியதாக அறுத்ததும் ஈர்க்கு ஈர்க்காகச் சிராய் கிளம்பியது. "போட்டா மோதிரம் இல்ல, முள்ளு" என்றார். பிறகு நாக மரம். அது டிரில்லின் அலகை மூன்று தடவை முறித்தது. மூன்றாவது அலகு முறிந்தபோது பாஸ் எழுந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், கேளுங்க. மரத்துல ரேகை நேரா ஓடுது. மோதிரம் வட்டம். எப்படி அறுத்தாலும் ரெண்டு எடத்துல ரேகை குறுக்கால வெட்டுப்படும். அந்த ரெண்டு எடத்துலதான் ஒடையும். கடும் மரம் மட்டும் போதாது. பின்னிக்கிட்டு இருக்கிற மரம் வேணும். ஹரித?"

ஹரி, அதாவது சரி, என்றேன். புரிந்த மாதிரி இருந்தது. பாஸ் சொல்லச் சொல்ல, எனக்கு மரம் விளங்குவதற்குப் பதிலாகக் குடும்பம் விளங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுகிறவனுக்கு வரும் வியாதி.

அன்று பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஏழாம் நம்பர் மலையில் பிடுங்கிப் போட்டிருந்த தேயிலைக் கட்டைகளைக் கண்டேன். கண்டதும் நின்றுவிட்டேன். மழைத் தண்ணீரில் கழுவப்பட்டு, வேர் வேராகப் பின்னி, தந்த நிறத்தில் கிடந்தன. சரோஜா அந்த மலையில் கொழுந்து பறித்தவள். நான் புது மாஸ்டராக வந்த வருஷத்தில், அந்த மலைப் பாதையில்தான் அவளிடம் முதன்முதலில் பேசினேன். மணி என்ன என்று கேட்டேன். என் கையில் மணிக்கூடு இருந்தது.

நம் மக்களின் வியர்வை குடித்து வளர்ந்த மரம். நம் மரம். அதில் ஒரு மோதிரம். நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய் இது பற்றி நான்கு பக்கம் எழுதினேன். இந்தப் பத்திரிகைக்கே அனுப்புவதாக இருந்தேன். வாசகர்கள் தப்பினார்கள்.

தோட்டத்தில் கேட்டால் எதற்கு என்பார்கள், சொன்னால் ஊர் சிரிக்கும் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருட்டு. ராமையா கொண்டுவந்து போட்ட மூன்று கட்டைகளில் இரண்டைச் சரோஜா எரித்துக் குளிக்கத் தண்ணீர் சுடவைத்துவிட்டாள். மூன்றாவதை விடியற்காலையில் நான் காப்பாற்றினேன்.

பாஸ் அறுத்தார். துளைத்தார். சீவினார். வெடிக்கவில்லை, சிராய் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவியதும் தேநீர்ச் சாயம் போல ஒரு நிறம் எழும்பியது. "மேக்க ஹொந்தய்" என்று பாஸே சொன்னார். இது நல்லது என்று அவர் எந்த மரத்தையும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகாதது

சனிக்கிழமை காலை. சரோஜா அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மோதிரத்தை ஒரு வெள்ளைச் சாசரில் வைத்து முன்னால் நீட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"அழகா இருக்குங்க. என்னா மரம்?"

"கண்டுபிடி."

"தெரியலையே."

"ஏழாம் நம்பர் மலைத் தேயிலை" என்றேன். நான்கு பக்கத்தின் முதல் பக்கத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன்.

அவள் மோதிரத்தைத் திரும்பவும் சாசரில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி தேங்காய் துருவத் தொடங்கினாள்.

"என்ன சரோஜா?"

"ஒண்ணுமில்ல."

"பிடிக்கவில்லையா?"

துருவுவதை நிறுத்தினாள்.

"ஏழாம் நம்பருல பத்து வருஷம் நின்னேங்க. பதினெட்டு வயசுல பேர் பதிஞ்சாங்க. அட்ட கடிச்ச காலோட, இடுப்புல சுத்தின நனஞ்ச படங்குச் சாக்கோட. கொழுந்துப் பாலு வெரலுல ஏறி, வெடிச்சு, வெடிச்ச எடமெல்லாம் கருப்புக் கோடு. நம்ம கல்யாணத்துக்கு முந்தி ஒரு வாரம் தேசிக்காய புழிஞ்சு போட்டு தேச்சேன், போகல. நீங்க மோதிரம் போட்டீங்க. எல்லாரும் மோதிரத்த பாத்தாங்க. நான் அந்தக் கோட்டத்தான் பாத்துகிட்டு இருந்தேன்."

அந்தக் கோடுகளை நான் அன்றைக்குக் கவனித்திருக்கவே இல்லை. மணிக்கூடு பார்க்கிறவன் விரலை எங்கே பார்த்தான்.

"அது போறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப அந்த மரத்தையே வெரலச் சுத்தி மாட்டச் சொல்றீங்க." கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீங்க தேயிலைய பத்தி எழுதினவரு. ஒங்களுக்கு அது அழகா இருக்கும். நீங்களே போட்டுக்கங்க. ஒங்க வெரலுக்குத் தேயிலைய தெரியாது."

போட்டுப் பார்த்தேன். என் சுண்டு விரலில் முதல் கணுவைத் தாண்டவில்லை.

சாசரோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. நாக மரம், கித்துள், கலுமெதிரிய, தேயிலை. கைபேசியைக் கேட்டேன், நிஸாமைக் கேட்டேன், பாஸைக் கேட்டேன். விரலுக்குச் சொந்தக்காரியைக் கேட்கவில்லை. மூன்று மாதமாக.

"சரி" என்றேன். "அப்படியானால் எந்த மரம்?"

யோசிக்கவே இல்லை.

"கொய்யா."

"கொய்யாவா?"

"பம்பரம் செய்வோமே. எங்கண்ணனுங்க நாலு பேரு பம்பரத்தையும் என்னோட கொய்யாப் பம்பரம் ஒடைச்சிருக்கு. கல்லுல அடிச்சாலும் வெடிக்காது. குருவி அடிக்கிற கெட்டபோலுக்குக் கவட்டையும் அதுலதான் வெட்டுவோம். வளையும், ஒடையாது." தேங்காய் மூடியை மறுபடி கையில் எடுத்தாள். "அதோட, கொய்யா மரத்துல நான் ஒரு நாளும் வேல செஞ்சதில்லைங்க. ஏறித் திருடித்தான் தின்னிருக்கேன்."

ஆடாமல் பிடித்தவன்

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கொய்யா நிற்கிறது. குழந்தைகள் ஏறி ஏறிப் பட்டை வழுவழுப்பாகிவிட்ட மரம். காய்ந்து நின்ற ஒரு கிளையை ராமையாவிடம் சொல்லியே வெட்டினேன். ஒரு திருட்டு போதும் என்று தோன்றியது. "இன்னும் கேஸ் வரலையா மாஸ்டர்?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

"பேர மரமா?" என்று கொய்யாவைச் சிங்களத்தில் சொல்லிப் பாஸ் சிரித்தார். "ஸ்கூல் பிள்ளைங்க மரம், மாஸ்டர். நான் முப்பத்தஞ்சு வருஷம் வேல செய்றேன், யாரும் இந்த மரம் கொண்டு வந்ததில்ல."

"வீட்டில் சொன்னார்கள்."

சிரிப்பு நின்றது. கிளையை எடுத்து முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார். நடுத்தண்டை ஒதுக்கிவிட்டுப் பக்கவாட்டில் ஒரு வில்லை அறுத்தார். துளைத்தார். மெல்லியதாகச் சீவியபின் தரையில் ஓங்கி அடித்தார். அது துள்ளி, பட்டறைக்கு வெளியே போய், வாய்க்கால் ஓரத்தில் நின்றது. எடுத்து வந்து இரண்டு பேரும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடினோம். ஒரு கீறல் இல்லை.

"உங்க வீட்டு நோனா வந்து இங்க வேல செய்யட்டும்" என்றார் பாஸ். "நீங்க வீட்டுல இருங்க."

நானே செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் என்பதால் சேண்ட் பேப்பர் தேய்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. பத்து நிமிஷத்தில் அதுவும் திரும்ப வாங்கப்பட்டது. பிறகு பாஸ் தேய்க்க, நான் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். பிடித்ததில் குறை சொல்ல முடியாது.

முதல் மோதிரம் அவள் கணுவைத் தாண்டவில்லை. இரண்டாவது, கொஞ்சம் சவர்க்கார நுரையோடு, தாண்டியது. வெளிறிய தோல் நிறத்தில், தழும்பின்மேல் போய் உட்கார்ந்தது. நான் அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்க்கவில்லை.

"இறுக்குதா?"

"இல்ல." விரலை மடக்கினாள், நீட்டினாள். "லேசா இருக்கு. போட்டதே தெரியல."

அன்று பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள், குழந்தைகளைக் குளிப்பாட்டினாள். மழை நாட்கள் வேறு. மரம் ஈரத்தில் ஊதிவிடுமோ என்று காலையும் மாலையும் நான் டாக்டர் மாதிரி விரலைப் பிடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் கையை உருவிக்கொண்டு, "வேல இருந்தா போய்ப் பாருங்க" என்றாள்.

தேயிலை மோதிரம் இப்போது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. நான்கு பக்கம் எங்கே என்று தெரியவில்லை. தண்ணீர் சுடவைக்கப் போயிருக்கலாம்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் சரோஜா ஆராத்தித் தட்டோடு நின்றாள். இரண்டு கையும் வெளியே. மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைமேல் கற்பூரம் எரிய, அந்த வெளிச்சம் விரலில் விழுந்தது. வசந்தி குனிந்து அந்த விரலைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். தட்டு ஆடவில்லை. மூன்று சுற்று, நிதானமாக. வீடியோக்காரன் கிட்டே வந்தபோதும் அவள் கையை இழுக்கவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சாம்பிராணி கண்ணுக்கு ஆகவில்லை.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், மாப்பிள்ளையின் பெரியம்மா சரோஜாவைத் தேடி வந்தார். நல்ல மனுஷி. சரோஜாவின் இடது கையைத் தன் இரண்டு கையிலும் எடுத்து, அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். விசாரிக்கப்போகிறார் என்று தெரிந்து, நானும் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"பாவம், பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டேவா ஆராத்தி எடுத்தீங்க?" என்றார். "ரொம்ப வலிச்சிருக்குமே."